பூனைக்கு அக்கி எழுதிய பாவம்

மாரியம்மன் தாயை நம்பி வாழும் எல்லோருக்கும் என் வணக்கம். பசுமலையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். எனக்கு அருவருப்பு அதிகம். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு முழுக்கப் பட்டினிதான். அப்படிப்பட்டவனிடம் பூனையை ஒப்படைத்துவிட்டு, போன ஆனியில் என் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். "அப்பா, முறுக்கைப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்றாள். முறுக்கு என்பது பூனையின் பெயர்.

அவள் போன ஐந்தாம் நாள் முறுக்கு தும்ம ஆரம்பித்தது. பிறகு இடது கண் வீங்கி, மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் வழிந்து, இமை ஒட்டிக்கொண்டது. கிட்டே போனால் அழுகிய மீன் வாடை. ஒருநாள் அது தும்மியது என் காபி டம்ளருக்குள்ளேயே தெறித்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மனைவிக்குக் கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்த நேரம். என்னை விட்டால் ஆளில்லை.

கால்நடை மருத்துவர் பார்த்தார். "இது ஹெர்பிஸ் வைரஸ் சார். நமக்கு அக்கி வருதுல்ல, அந்தக் குடும்பம். இது பூனைக்குப் பூனைதான் பரவும், உங்களுக்கு வராது" என்றார். அக்கி வந்த மனிதர்களுக்குத் தருகிற ஒரு மாத்திரையைப் பூனையின் எடைக்குக் கணக்கிட்டு எழுதினார். கண்ணைத் துடைத்துச் சொட்டு மருந்து விட வேண்டும். வாயைத் திறந்து தினமும் மாத்திரை போட வேண்டும்.

அந்த வாயைத் தொடுவதா? அக்கி என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் அக்கிக்கு மாத்திரை ஏது? பானை செய்கிறவர் காவி மண்ணைக் குழைத்து அக்கி கண்ட இடத்தில் சிங்கம் எழுதுவார், இறங்கிவிடும். பூனையைக் கூடையில் வைத்து மூடி, உசிலம்பட்டிப் பக்கம் அப்படி அக்கி எழுதுகிற ஒருவரைத் தேடி பஸ் ஏறினேன்.

"பூனைக்கு நான் எழுதுனதே இல்லண்ணே" என்றார் அவர்.

"அக்கி யாருக்கு வந்தா என்னண்ணே, எழுதுங்க" என்று நச்சரித்தேன். அவரும் மனசில்லாமல் அதன் முகத்தில் ஒரு சிங்கம் எழுதினார்.

பூனை சும்மா இருக்குமா? பாதத்தால் முகத்தைத் தேய்த்தது. காவி கண்ணுக்குள் போனது. மறுநாள் சீழும் காவியும் ரத்தக் குழம்பாக வழிந்தன. விழியில் வெள்ளைப் படலம். சாப்பாட்டையும் நிறுத்திவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மருத்துவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புண்ணு ஆழமாயிருச்சு சார். இன்னைக்கே மருந்தை ஆரம்பிக்கலேன்னா கண்ணு போயிரும். இப்படியே சாப்பிடாமக் கெடந்தா உசுரும் தங்காது."

அதுவரை பூனையைப் பார்த்துக் குமட்டியது. அன்றைக்கு என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டியது. நேரே எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். பூனையைக் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. "தாயே, மருந்து கையில இருக்கு. தொடத்தான் என்னால ஆகல. தொட வையி" என்றேன். அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அந்தக் கண்ணைத் துடைத்தேன். சீழ் விரலில் ஒட்டியது. வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டேன். கசப்பில் நுரை நுரையாக என் சட்டை மேல் கக்கியது. வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி போட்டேன். மூன்று வாரம், ஒரு வேளை தவறவில்லை. அருவருப்பு ஒருநாளும் போகவில்லை. ஆனால் கை பின்வாங்கவில்லை. அந்தக் கை என்னுடையது இல்லை, தாயுடையது.

நான்காம் நாள் முறுக்கு கருவாட்டை முகர்ந்து பார்த்துத் தின்றது. மூன்றாம் வாரம் கண் திறந்தது. விழியில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது, பார்வைக்குக் குறைவில்லை. நடந்ததை மகளிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

இந்த வைரஸ் உடம்பை விட்டு முழுசாகப் போகாதாம், மறுபடி வரலாமாம். வரட்டும். உங்கள் வீட்டிலும் தொடக் கூசுகிற நோயோடு ஓர் உயிர் கிடந்தால் மருத்துவர் சொல்கிற மருந்தைக் கொடுங்கள். என்னைப் போலக் குறுக்கு வழி தேடாதீர்கள். உங்களால் முடியாததைத் தாயிடம் கேளுங்கள், தருவாள். குமட்டும், குமட்டட்டும். தொடுங்கள்.