ஆக்சிலேட்டரில் ஒரு கால்

கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இது மண்ணூர் கோபிநாத்துக்கு நடந்தது. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, லேப்டாப்பில் நொடி நொடியாகப் பதிவு இருக்கிறது. இட்டுக்கட்டிச் சொல்கிற ஆளும் இல்லை அவன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருஷமாக நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்குக் கதை கட்ட ஏது தெம்பு?

இன்னொன்று. பேய் என்றதும் அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி பத்தரைக்கு உள்ளே போய்க் காலை ஆறரைக்கு வெளியே வருகிறவனுக்குப் பகல்தான் ராத்திரி. அவனுக்கு அது வந்தது பட்டப்பகலில். சரியாக 12.40-க்கு.

முதலில் அந்தக் கார் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் ஒரு நாள். டபுள் ஷிப்ட் முடித்துவிட்டு பைக்கில் வரும்போது கோபிநாத் தூங்கிவிட்டான். கண் மூடியதே அவனுக்குத் தெரியாது. விழித்தபோது ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தான். முழங்கைத் தோல் உரிந்து போயிருந்தது. தூக்கத்தில் கனத்த கை ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கியிருக்கிறது, பிரேக்கைத் தொடவே இல்லை. அவன் மனைவி ஸ்ரீமதி அன்றைக்கே பைக் சாவியை எடுத்து ஒளித்துவிட்டாள்.

"நாலு சக்கரத்துல வாங்க. இல்லாங்காட்டி அங்கியே படுத்துக்குங்க. பொணமா மட்டும் வூட்டுக்கு வராதீங்க," என்று அழுதாள்.

மண்ணூர்ப் பக்கம் கம்பெனி பஸ் கிடையாது. உயிரோடு வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. காஞ்சிபுரத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் தணிகாசலத்திடம் ஒரு பழைய பத்மினி இருந்தது. கோபிநாத்தைவிட வயதில் மூத்த கார். வாங்கி வந்தான். அதன் கார்பரேட்டரோ, காலையில் அரை மணி நேரம் கெஞ்சினால்தான் உயிர் கொடுக்கும். சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் வருகிறவன் நடுரோட்டில் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

அதனால்தான் கார்பரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, தானே ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் போடுவது என்று இறங்கினான். புதுக் கார்களில் இருக்கிற மாதிரி, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு இன்ஜினைக் கவனித்துக்கொண்டே அளவாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாடு. போர்டை ஆன்லைனில் வரவழைத்துத் தானே பற்றவைத்தான். மற்ற சாமான்களைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளிலிருந்து பொறுக்கினான். எட்டு மாதம். அதுவரை வேலைக்கு யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போய் வந்தான். ஸ்ரீமதி பகல் ஷிப்டுக்குப் போய்விடுவாள். இவன் காலையில் வந்து நாலு மணி நேரம் தூங்குவான். பன்னிரண்டுக்கு எழுந்து, வீட்டையொட்டிய தகரக் கொட்டகையில் மூன்று மணிவரை காரோடு மல்லுக்கட்டுவான். கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் அவனுக்கு மஞ்சள் காமாலை என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்கிழமை. ஆக்சிலேட்டரில் சென்சார் மாட்டினான். பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை லேப்டாப் திரையில் ஒரு கோடாக வரைந்து காட்டும் அது. மிதித்தால் கோடு ஏறும், எடுத்தால் இறங்கும். சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், பதிவை ஓடவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் கோடு ஏறி இறங்கியிருந்தது. 12.40-க்கு ஆரம்பம். பதினோரு நிமிடம் இருபது நொடி.

ஒயரில் கோளாறு என்று நினைத்தான். சென்சாரை மாற்றினான். எர்த் ஒயரைப் புதுசாக இழுத்தான். மறுநாளும் 12.40-க்குக் கோடு வந்தது. அதே வடிவம். அதே பதினோரு நிமிடம் இருபது நொடி.

ஒயர் கோளாறு என்றால் கோடு தாறுமாறாகக் குதிக்கும். இது வழுவழுவென்று இருந்தது. ஏறுகிறது, சட்டென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கியர் மாற்றும்போது காலை எடுத்து மிதிக்கிற மாதிரி. அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கியருக்கும் முன்னால் டப் டப் என்று இரண்டு தட்டு, அப்புறம்தான் மிதி.

பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று முதுகு சில்லிட்டது. அந்தக் கோடு எந்த ரோடு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்சம் மிதி, விடு. கொஞ்சம் மிதி, விடு. கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்கிற இரண்டு ஸ்பீடு பிரேக்கர். பிறகு நாற்பது நொடி சும்மா. சிக்னல். பிறகு ஏறி ஏறி, நேராக நீளும் கோடு. ஸ்ரீபெரும்புதூர் ரோடு. பதினோரு வருஷம் போய் வந்த பாதை, கண்ணை மூடினாலும் காலுக்குத் தெரியும்.

கடைசி அரை நிமிடம்தான் மோசம். கோடு மெல்ல... மெல்ல... ஏறுகிறது. யாரும் அவசரத்தில் மிதிப்பது போல் இல்லை. கால் தன் பாரத்தில் தானே அமுங்குவது போல். முழுசாக மிதிபட்டு, அப்படியே நின்று, அறுந்துவிடுகிறது.

அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் விழுந்த அன்று அவன் கை செய்த அதே காரியம். தூங்குகிறவனின் கால் அது.

மூன்றாம் நாள் சாப்பிடப் போகவில்லை. கொட்டகையிலேயே உட்கார்ந்தான். வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. 12.38. காரின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

12.39.

பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

12.40.

கிரீச்...

பெடல் அமுங்கியது.

டப். டப். மறுபடி கிரீச்...

கை வைக்க ஆளில்லை. கால் வைக்க ஆளில்லை. பெடல் மட்டும் இறங்கி ஏறியது.

சீட்டின் ரெக்சின் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளத்தோடு இருந்தது.

அவன் ஓடவில்லை. ஓட முடியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவும் கை எழவில்லை.

கடைசியில் பெடல் மெதுவாக... மெதுவாக... தரையைத் தொட்டது.

ஒரு பெருமூச்சு கேட்டது. அவனுடையது இல்லை.

டக்.

பெடல் மேலே வந்தது. சீட்டின் பள்ளம் நிரவியது. மணி 12.51.

அன்று மாலை தணிகாசலத்துக்குப் போன் போட்டான்.

"ஆக்சிடென்ட் ஆன வண்டியாண்ணே? உண்மையச் சொல்லு."

"இன்னாபா இப்டி கேக்குற? ஒரே ஓனர், பழனிவேல் சார். ஒரு கீறல் கெடையாது. இதுல யாரும் சாவலபா."

"அந்த சாரு?"

"நல்லாத்தான் கீறாரு. காலைல கூட டீக்கடைல பாத்தேன்."

அப்படியானால் செத்தவர் யாரும் இல்லை. அப்புறம் அந்தக் கால் யாருடையது? என்னுடையதா? அன்றிரவு ஷிப்ட் முழுக்க அந்தக் கேள்வி அவனைவிட்டுப் போகவில்லை.

பதினைந்து நாளில் இன்ஜின் ஓடத் தொடங்கியது. ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. எட்டு மாதத் தூக்கத்தை விழுங்கிய வேலை ஜெயித்த நாள், அவனுக்குச் சந்தோஷமே வரவில்லை. ஒருநாள் லீவு போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, கம்பெனி கேட்டிலிருந்து அதே ரோட்டில் ஓட்டினான். தன் கோட்டையும் அந்தக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தான்.

பொருந்தவில்லை. அவன் கால் இலேசு. அந்த இரண்டு தட்டு அவனிடம் இல்லவே இல்லை.

அப்பாடா. என் கால் இல்லை. மாதக்கணக்கில் முதல் தடவையாக அவன் ஏழு மணி நேரம் தூங்கினான்.

ஸ்ரீமதியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒங்க கால் இல்லன்னா என்னா? அது இந்த வூட்டுல வேணாம். வெள்ளிக்கெழமைக்குள்ள அனுப்பிடுங்க."

உடைத்துப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அப்போதுதான் இசக்கிதுரை கேட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கோபிநாத்தின் லைனில் அவனுக்கு அடுத்த மெஷின். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ஒரு ரூமில் கிடந்தான். தீபாவளிக்குப் பிறகு பெண்டாட்டி அன்னக்கிளியையும் குழந்தையையும் ஊரிலிருந்து கூட்டி வந்து தனி வீடு பார்க்கப் போகிறான். வாயைத் திறந்தால் கேலிதான். டபுள் ஷிப்ட் கிடைத்தால் ஒருநாளும் விடமாட்டான்.

"அண்ணாச்சி, அந்தக் கெழவிய எனக்குத் தாங்க. புள்ளைய ஒக்கார வச்சு ஊரு சுத்திக் காட்டுதேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். மண்ணூர் ஏரிப் பக்கம் ஓட்டிப் பார்த்தான். கோபிநாத் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் அளவு சரியாகப் போகிறதா என்று திரையில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டு வந்தான். துரைக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"பட்டு மாதிரி போகுது அண்ணாச்சி! வேற எதும் கோளாறு உண்டுமா? இப்பமே சொல்லிருங்க."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். கோபிநாத்துக்கு அது நன்றாகவே தெரிந்தது. சொன்னால் வாங்க மாட்டான், வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், அந்தப் பெருமூச்சோடு இன்னொரு மதியம்...

"சென்சார்ல கொஞ்சம் கோளாறு கீது துரை. அதுவா கோடு போடும். கண்டுக்காத."

"இதுல என்ன இருக்கு," என்று துரை சிரித்தான். அன்றே காரை எடுத்துக்கொண்டு போனான்.

இரவு ஸ்ரீமதி கேட்டாள். "அந்தத் தம்பிகிட்ட எல்லாம் சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றான்.

அதற்குப் பிறகு நாற்பத்தேழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. துரை தினமும் காரில் வந்தான், போனான். இறங்கும்போதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கோபிநாத்துக்குப் பயம் தேய்ந்து, எல்லாம் தூக்கம் கெட்ட மூளையின் வேலை என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது.

அக்டோபர் 17. கோபிநாத்துக்கு வார லீவு. காலை 7.15-க்குப் போன் வந்தது. சூப்பர்வைசர்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் கார் நேராகப் போய் நுழைந்திருந்தது. தார் ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை. கோபிநாத் போய்ச் சேர்ந்தபோது துரையை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். லாரி டிரைவர் மட்டும் டீயைக் குடிக்காமல் கையில் பிடித்தபடி போலீஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடில பாத்தேன் சார். ஆரன் அடிச்சேன். அந்தாளு கால எடுக்கவே இல்ல சார். வர வர வேகமாதான் வந்தான்."

துரை தொடர்ந்து மூன்றாவது டபுள் ஷிப்ட் முடித்திருந்தான். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் கார் வெளியே போன நேரம் எழுதியிருந்தது. 6.41. லாரி டிரைவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட நேரம் அவர் போனிலேயே இருந்தது. 6.53.

கோபிநாத் வீட்டுக்கு வந்தான். ஸ்ரீமதி முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்த பதிவு அதில் அப்படியே இருந்தது. ஏரிப் பக்கம், பன்னிரண்டு நிமிடம், துரையின் கால். நாற்பத்தேழு நாளாக இருந்தது. தன் கோட்டைப் போட்டுப் பார்த்தவன், இதை ஒருதடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

திறந்தான்.

முதல் கியர்.

டப். டப். மிதி.

இரண்டாம் கியர்.

டப். டப். மிதி.

அந்தக் கோட்டை இதன்மேல் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

துரை ஊரில் லோடு ஆட்டோ ஓட்டியவனாம். பழைய வண்டி, இரண்டு தட்டு தட்டினால்தான் கியர் விழுமாம், அதுவே அவனுக்குப் பழக்கமாகிவிட்டதாம். ஊருக்கு உடலை ஏற்றும்போது யாரோ சொன்னார்கள். கோபிநாத் கூட்டத்திலிருந்து விலகிப் போய் வாந்தி எடுத்தான். வாங்குவதற்கு முந்தி துரை அந்தக் காருக்குள் ஏறியதே இல்லை. ஆகஸ்ட் மாதம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து மிதித்தது எது? உயிரோடு பக்கத்து மெஷினில் நின்றவனின் கால் அங்கே எப்படி வந்தது?

காரியம் முடிந்த மறுநாள் மதியம் அன்னக்கிளி போன் செய்தாள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லுங்க. அந்த வண்டில எதும் கோளாறு இருந்துச்சா?"

ஸ்ரீமதி கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிநாத் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"இல்லம்மா," என்றான். "வண்டி நல்ல வண்டி."