மிச்சம் பிடித்த புரதம்

அந்த ஆய்வகத்தில் அவளை 'மிச்சக்கா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். எதையும் வீணாக்க மாட்டாள். வீட்டில் தேய்ந்துபோன சோப்புத் துண்டைக்கூடப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். "நான் தேய்ஞ்சு போனா என்னையும் எது மேலயாவது ஒட்டிடுவா உங்கம்மா," என்று கணவர் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். சிக்கனம் நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? இடம் பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உறைபெட்டிகளுக்கு அவள்தான் பொறுப்பு. அவற்றில் இருந்ததிலேயே அருமையான சரக்கு ஓர் ஏற்பிப் புரதம். நம் உடம்புக்குள் வரும் கிருமியை ஆன்டிபாடி போய்ப் பிடிக்கும். அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொள்ளக் காவல் செல்களின் மேல் ஒரு கொக்கி இருக்கிறது; அதுதான் இந்த ஏற்பி. மனித மரபணுவை வேறொரு செல்லுக்குள் வைத்து, அந்தக் கொக்கியை மட்டும் தனியாகச் செய்து, சின்னக் குப்பியில் அனுப்புவார்கள். வந்த அன்றே குட்டிக் குழாய்களில் பிரித்து உறைய வைக்க வேண்டும். ஒரு குழாயை ஒரு தடவைதான் இளக்கலாம். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். திரும்ப உறைந்தால் கொக்கி கோணிவிடும். பார்வைக்கு என்னவோ அதே தெளிந்த தண்ணீர்தான்.

விதி அவளுக்கும் தெரியும். கொட்டத்தான் மனம் வரவில்லை. மிஞ்சிய சொட்டுகளையெல்லாம் சேர்த்துப் புதுக் குழாய்களில் உறைய வைத்து, நல்லவற்றோடு வரிசையில் நிறுத்தினாள். ஒரு தடவைக்கு என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தாள். குப்பி வழக்கத்தைவிட நெடுநாள் வந்தது. "அக்கா இருக்கிற வரைக்கும் இங்க எதுவும் வீணாகாது," என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னபோது பூரித்துப் போனாள்.

அதே சமயத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி திண்டாடிக்கொண்டிருந்தாள். எந்த ஆன்டிபாடி இந்த ஏற்பியோடு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளப்பது அவள் வேலை. ஒருநாள் அளவு பிரமாதமாக வரும், மறுநாள் படுத்துவிடும். கரைசலை மாற்றினாள், குழி குழியாக இருக்கும் சோதனைத் தட்டை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. "அவளுக்குக் கைராசி இல்லப்பா," என்று பக்கத்து மேசைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"குழாய்ல ஏதாவது கோளாறு இருக்குமாக்கா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆகிவிட்டது மிச்சக்காவுக்கு. அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. "சே சே, அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு," என்றாள்.

அன்று மாலையே, சேர்த்து வைத்த குழாய்களை யாருக்கும் தெரியாமல் தூக்கிப் போட்டாள். இனிமேல் தானாகச் சரியாகிவிடும், வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள். கணக்கு தப்பியது. மறுநாளே பேராசிரியர் அந்த அளக்கும் வேலையை மாணவியிடமிருந்து பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டார். அவனுக்கோ முதல் தட்டிலிருந்தே அளவு பிசகாமல் வந்தது.

"இப்பத் தெரியுதா, கோளாறு எங்கன்னு?" என்றார் பேராசிரியர். மாணவி தலைகுனிந்து நின்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மிச்சக்காவுக்கு வாயில் வைத்தது உள்ளே இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட கணவர் மேல் எரிந்து விழுந்தாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பே போகும். இது தெரிந்தும் வாரக்கணக்கில் ஊமையாக இருந்தாள், பாவி. கடைசியில் மாணவி மாடிப்படியில் நின்று, "எனக்கு இது வராதும்மா, வீட்டுக்கே வந்துடறேன்," என்று போனில் அழுவது காதில் விழுந்தது. அப்படியே அவள் கையைப் பிடித்துப் பேராசிரியர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"சார், தப்பு இவ மேல இல்ல. மிஞ்சினதை நான்தான் திரும்ப உறைய வச்சுக் குடுத்தேன். இவ கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

பேராசிரியர் கத்தித் தீர்த்தார். வேலையை அப்போதே மாணவியிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மிச்சக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, இளக்கப்படாத குழாய் ஒன்றை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து மாணவியின் மேசையில் வைத்தாள். மாணவி சொட்டு அளந்து விடும் பிப்பெட்டை எடுத்தாள். தட்டின் முதல் குழிக்கு மேலே கொண்டுபோனாள். கட்டைவிரல் அழுத்த மறுத்தது. கீழே வைத்துவிட்டாள்.

"நீங்களே ஊத்திடுங்கக்கா."

"அதான் தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேனேம்மா!"

"எனக்குத் தெரியுதுக்கா," என்றாள் அவள். "கைக்குத் தெரிய மாட்டேங்குது."