கோதண்டம் அண்ணன் கழுவிய கால்கள்

இப்போது நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் மேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேற்கு மாம்பலத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கோதண்டம் அண்ணனின் மகள் செல்வி போன் செய்தாள். "அப்பா போய்ட்டாரு சித்தப்பா. காபி குடிச்சாரு, நாற்காலில சாஞ்சாரு, அவ்ளோதான்." படுத்த படுக்கையாகக் கிடந்துவிடுவோமோ என்று இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்த மனிதர். எனக்கு அழுகைக்கு முன்னால் நிம்மதிப் பெருமூச்சுதான் வந்தது.

அந்தக் காலத்தில் வெறுங்கால் சாமிகள் என்ற துறவி நடந்துபோன வழியிலேயே மார்கழிதோறும் மயிலாப்பூரிலிருந்து சிதம்பரம் வரை நடக்கும் நம் கூட்டத்தாருக்கு அண்ணனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன். முப்பது வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். அவர் நடந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை தானாகவே இரண்டடி ஒதுங்கி வழிவிடும். ஒருமுறை நாம் கோவளத்தில் டீ ஆற்றிக்கொண்டிருக்கையில், சிதம்பரத்தில் கும்பிட்டுவிட்டு எதிரே வந்தவர், "இன்னா நைனா, இன்னும் இங்கியே கீறீங்க?" என்றார்.

வண்டி ஏறினால் அந்த வருட நடை செல்லாது என்பது நம் வழக்கம். மாலையில் தங்குமிடத்தில் ஒருவர் காலை இன்னொருவர் வெந்நீரில் கழுவுவதும் வழக்கம்.

என் மனைவிக்கு இருதய ஆபரேஷன் குறித்திருந்த வருடம், அவளுக்காக வேண்டிக்கொண்டு நடந்தேன். கடப்பாக்கத்தில் முழங்கால் மக்கர் செய்தது. கூட்டத்திலிருந்து நழுவி மரக்காணத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அன்று மாலை என் காலைக் கழுவ உட்கார்ந்தவர் அண்ணன். ஒரு துளி மண் இல்லாமல் மாப்பிள்ளைக் கால் மாதிரி இருந்தது. மற்றவர் காலுக்கு எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் அதையும் தேய்த்துக் கழுவினார். நானே உடைந்துவிட்டேன்.

"பஸ்ல வந்துட்டேண்ணே. அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

"சாமி இன்னா டிக்கெட் செக்கரா? வலிக்கிற காலு பஸ் ஏறத்தான் செய்யும். துன்னுட்டுப் படு."

படுத்தேன். பயம் படுக்கவில்லை. ஆபரேஷன் அன்று அடையாறு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தார். பாதமெல்லாம் வெடிப்பு.

"எங்கண்ணே போனீங்க?"

"கடப்பாக்கத்துலேர்ந்து மரக்காணம். நீ உட்ட தூரம். நேத்து நடந்துட்டேன்."

"சாமிக்காகவா?"

"சாமி கேட்டாரா? நீ இங்க குந்திக்கினு அதையே நெனச்சிக்கினு இருப்பியே, அதுக்காண்டி."

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து சிரித்தார். அந்த மனைவிதான் இப்போது நான் எழுதுவதைத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ரோடு ஒதுங்கிச்சாமா? உங்களுக்கு வாய் அடங்கவே அடங்காதா?" என்கிறாள்.

வருகிற மார்கழியில் யார் கால் மண்ணில்லாமல் வந்தாலும், ஒன்றும் கேட்காமல் நான் கழுவுவேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.

சாலை ஒதுங்கவில்லை. கோவளத்தில் அவரும் நம்மோடுதான் டீ குடித்தார். ஆனால் கடப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரை எனக்காக ஒரு மனிதர் தனியாக, வெறுங்காலோடு இரண்டாம் முறை போனார். அது மட்டும் உண்மை.