அலைக்குளத்தில் அம்மா

தொண்ணூறுகளின் தொடக்கம் வரை எங்கள் பக்கத்தில் கோடை விடுமுறைச் சுற்றுலா என்றால் அணைதான். ஆழியாறு, அமராவதி, வசதி இருந்தால் ஊட்டி. பிறகு கோவைக்கு வெளியே, சோளக்காடுகளுக்கு நடுவில் தண்ணீர்ப் பூங்காக்கள் முளைத்தன. நாங்கள் போன பூங்கா இப்போது இல்லை. அந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அதன் குளோரின் வாடை மட்டும் எனக்கு இன்னும் கோடை விடுமுறையின் வாடை.

பீளமேட்டில் எங்கள் தெருவின் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேனில் போனோம். ஆண்களும் குழந்தைகளும் நேராகத் தண்ணீரில் இறங்கினோம். பெண்கள் கரையில் சிமெண்ட் குடைக்கு அடியில் உட்கார்ந்தார்கள். சேலையோடு இறங்கக் கூடாது என்பது விதி. வாடகைக்குக் கிடைத்த நைலான் பேண்ட், சட்டையைப் போட அவர்களுக்குக் கூச்சம்.

அம்மா தாராபுரத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு நீந்தியதே இல்லை. மில் சங்கு மாதிரி ஒன்று ஊதியது. குளத்தில் மோட்டார் அலையைக் கிளப்பியதும் அம்மா எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, நானும் எறங்கட்டுங்களா?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். "பேண்ட் போட்டுக்கிட்டா? அத்தனை பேரும் நம்ம தெருக்காரங்க."

"அந்தத் தெருக்காரங்க டவுசரோட நிக்கறதை நானும் காலைல இருந்து பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கேன்."

பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டாள். "போயிட்டு வாங்கக்கா. அண்ணனை நாங்க பாத்துக்கறோம்."

அம்மா நீல பேண்டும் தொளதொளச் சட்டையுமாக வந்தாள். தலையில் மல்லிகைப்பூ. இல்லாத முந்தானையை இழுத்துவிடக் கை தோளுக்குப் போய்த் திரும்பியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவள், அலை வந்ததும் மல்லாந்து மிதந்தாள். காவலுக்கு நின்ற இளைஞர் பதறி விசில் ஊதினார்.

"அம்மா! ஒண்ணுமில்லீங்களே?"

"மூச்சைப் புடிச்சிருக்கேன் கண்ணு, பேச்சுக் குடுக்காதே."

அலை ஓய்ந்தது. அம்மாவைத் தவிர எல்லோரும் கரையேறினோம். "சாப்பாட்டு நேரமாச்சு, வா" என்றார் அப்பா.

அம்மா இளைஞரிடம் கேட்டாள்: "அடுத்த அலை எப்பக் கண்ணு?"

"அரை மணி ஆகுங்கம்மா."

"நீங்க போய்ச் சாப்புடுங்க," என்றாள் அப்பாவிடம். "நான் வாரேன்."

அன்று எங்களுக்குப் புளிசாதம் போட்டது அப்பாதான். கரண்டி எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டார்.