மேலே ஏறிய வரி

அலுவலகத்தில் அவரைச் 'சோதனை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கணினியின் அடித்தளமான கர்னல் நிரலைப் படித்துத் திருத்துவது இருபது வருடமாக அவர் வேலை. யார் எழுதிக்கொண்டு வந்தாலும் ஒரே கேள்விதான்: "முகவரியில ஏதாவது இருக்கான்னு பாத்தீங்களா?" நினைவகத்தில் ஒன்றுமில்லாத வெற்று முகவரியை நம்பி நிரல் உள்ளே போனால் மொத்தக் கணினியும் மல்லாந்துவிடும். கைதேர்ந்த திருடனுக்கு அதுவே வாசலாகவும் ஆகும். "நான் வீட்டுல இருக்கேனான்னு பாத்துட்டுத்தான் என்னைத் திட்டவே ஆரம்பிப்பா" என்பார் அவர் கணவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர்களின் கணினிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. ஓட்டையை அக்காவே தேடிப் பிடித்தார். சோதனை வரி அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் அதற்கு ஒரு வரி மேலேயே அந்த முகவரிக்குள் நிரல் போய் வந்திருந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் யோசித்திருக்கிறது: ஏற்கெனவே உள்ளே போயாகிவிட்டது, இனி எதற்குச் சோதனை? சத்தமில்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. அதன் நியாயம் அதற்கு.

கோப்பின் தலையில் இருந்தது எட்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் பெயர். மேலாளருக்கு உயிர் வந்தது.

"அப்பாடா! தப்பு பண்ணவர்னு அறிக்கையில அவரு பேரையே போட்டுடலாம்க்கா. வந்து கேக்கவா போறாரு?"

அறிக்கை ஊரெல்லாம் போகும். அந்த மனிதர் இன்றும் இதே தொழிலில்தான் பிழைக்கிறார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று அக்கா பழைய பிரதிகளைப் புரட்டினார்.

முகவரிக்குள் போகும் வரியைச் சோதனைக்கு மேலே ஏற்றியவர் அக்காவேதான். மூன்று வருடத்துக்கு முன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. அந்த வரியின் பக்கத்தில், வேலையை விட்டுப் போனவர் எழுதியிருந்தார்: 'இதை மேலே கொண்டுபோகாதீர்கள். சோதனை வீணாகிவிடும்.' அதையும் அழித்திருந்தார் அக்கா. 'தேவையற்ற குறிப்பு நீக்கம்' என்று காரணம் வேறு எழுதியிருந்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

அறிக்கைப் படிவத்தில் தவறு செய்தவர், கண்டுபிடித்தவர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் தன் பெயரை அடித்தார். ஒரே ஆள் இரண்டிலும் இருக்க முடியாது என்று படிவம் திருப்பி அனுப்பியது.

"பாத்தீங்களா, அதுவே உங்களைக் காப்பாத்துது" என்றார் மேலாளர். "கண்டுபிடிச்சவங்களா மட்டும் இருங்க. இருபது வருஷப் பேரு, அக்கா!"

அந்தப் பேரை இழக்க அக்காவுக்கு மனசே இல்லை. ஆனாலும் முதல் கட்டத்தில் தன் பெயரை விட்டுவிட்டு, இரண்டாவதில் போனவரின் பெயரை அடித்தார்.

"அவரு எங்கக்கா கண்டுபிடிச்சாரு?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாரு. நான்தான் அழிச்சிட்டேன்."