ஆடியில் காலி செய்த வீடு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு தெருவில் அப்போது குடியிருந்தேன். ஒரே மொட்டை மாடியின் கீழ் வரிசையாக மூன்று போர்ஷன்கள். முதலாவதில் நான். நடுவில் ஒரு இளம் தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும். மூன்றாவது பூட்டியே கிடந்தது.

கடல் அந்த வீட்டிலிருந்து தெரியாது. சத்தம் மட்டும் வரும். ஆனால் வீட்டுக்குள் எல்லாவற்றின் மேலும் அதன் கை இருந்தது. புதுத் தாழ்ப்பாள் ஒரே மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும். கேஸ் அடுப்பின் கால்கள் உதிரும். ஜன்னல் கம்பியை விரலால் சுரண்டினால் பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாக வரும். கூரைக்குள் மறைந்திருக்கும் கம்பியையும் அதே காற்றுதான் தின்கிறது என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

நடு போர்ஷனுக்கு நேர் மேலே மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அது கசிந்துகொண்டே இருந்தது. பங்குனியில் அவர்கள் கூரையில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. சித்திரையில் அந்த இடம் பூரி போல உப்பியது. அதன் ஓரத்தில் விரிசல் ஓடி, துருத் தண்ணீர் வெற்றிலை எச்சில் நிறத்தில் வழிந்து காய்ந்தது. அந்த உப்பலுக்குப் பக்கத்தில்தான் கொக்கி இருந்தது. குழந்தையின் தூளி அதில் தொங்கியது.

வீட்டுக்காரருக்கு செங்கல்பட்டில் லாரித் தொழில். மாதம் ஒரு முறை வருவார். முரடர் அல்ல, சிரித்துப் பேசுவார், குழந்தையின் கன்னத்தைத் தட்டுவார். பழுது பார்ப்பதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். சித்திரையில் கேட்டபோது வெயில் காலத்தில் ஆள் கிடைக்காது என்றார். வைகாசியில் அவர் வீட்டில் கல்யாணம். ஆனியில் கேட்டபோது, இன்னும் கொஞ்ச நாளில் ஆடி பிறக்கப்போகிறது, ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவதா என்றார். ஆடி பிறந்ததும் அவருக்குக் காரணமே தேவைப்படவில்லை.

“ஆடியில வூட்டு மேல கை வெக்கச் சொல்றியேம்மா, நல்லது கெட்டது தெரியாதா உனக்கு? ஆவணி பொறக்கட்டும், மொத்தமா பிரிச்சிப் போட்டு புதுசா பண்ணித் தரேன்.”

அவர் நிம்மதியாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடியில் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். காலி வீடு வைத்திருப்பவர்களும் அந்த மாதம் யாரையும் குடிவைக்க மாட்டார்கள். ஆகவே எங்கேயும் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நானே படூரில் ஒரு வீட்டைப் பார்த்து, ஆவணியில் வருவதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

நடு போர்ஷன் பெண் ஒரு ரிசார்ட்டின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர், பிரசவ விடுப்பில் இருந்தார். சலவையில் கறைபட்ட விரிப்பு வந்தால், முதலில் கறையைச் சுற்றி ஒரு கோடு போடுவார்களாம். துவைத்தபின் கறை கோட்டுக்குள் இருக்கிறதா, வெளியே பரவியதா என்று பார்ப்பதற்கு. அதையே அவர் கூரைக்குச் செய்தார். கணவரை ஸ்டூலில் ஏற்றி, குழந்தையின் கண்மையைக் குழைத்துக் கொடுத்து, விரிசலைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார். சில நாளில் விரிசல் கோட்டைத் தாண்டியது. அதற்கு வெளியே இன்னொரு கோடு. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தார்.

நான் பல வருடங்கள் செய்தித்தாளில் வேலை பார்த்தவன். சாட்சியம் என்ற சொல்லை நிறைய எழுதியிருக்கிறேன். ஒரு கூரையின் நகர்வு இப்படிக் கறுப்பு வளையங்களாக விரிவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அலை வந்துபோன ஈரம் மணலில் கோடு கோடாகத் தெரியுமே, அப்படி இருந்தது. கடல் அந்த அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னாம்மா, கூரைக்கு திருஷ்டிப் பொட்டா?”

“ஆமா சார். உங்க கண்ணு படலயே, அதான் பெருசா வெச்சோம்” என்றார் அந்தப் பெண்.

ஒரு கொத்தனாரை அழைத்து வந்து காட்டினோம். சொந்தச் செலவில் பூசிவிடலாமா என்று கேட்டோம். அவர் உள்ளே வரவே தயங்கினார். கதவருகே நின்று பார்த்துவிட்டு, “பூசுனா பூச்சு நிக்கும், கூர நிக்காது. மேல தொட்டிய எறக்கி, கம்பியே மாத்தணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வழக்கறிஞர் இருந்தார். தம்பதியை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். பொறுமையாக விளக்கினார். பழுதை முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். செய்ய மறுத்தால், நாமே செய்து ஒரு வரம்புக்குள் வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. குடியிருக்கவே முடியாத அளவுக்கு வீடு கெட்டிருந்தால், வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அல்லது எழுத்தில் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் எல்லாமே சுலபம்.

எங்கள் யாரிடமும் அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. வழக்கறிஞர் பேனாவை மூடிவைத்தார். “இருந்தாலும் நோட்டீஸ் அனுப்புங்க. படங்களையும் வெச்சு அனுப்புங்க. கைல ஏதாவது ஒண்ணு இருக்கணும்” என்றார்.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதில் காலி செய்வதற்கான முன்னறிவிப்பும் இருந்தது. நான் எழுதியதைப் படித்துக்காட்டியபோது அந்தப் பெண் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். “தூளி அங்கதான் தொங்குதுன்னு போடுங்கண்ணா. மத்ததெல்லாம் அவருக்குப் புரியாது.”

தபால் போய்ச் சேர்ந்தது, கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. தூளியைக் கொக்கியிலிருந்து கழற்றி ஜன்னல் பக்கம் கட்டினார்கள். நல்ல அறை அவர்களுக்கு வேறு இல்லை; இருந்தது அந்த ஒரே அறையும் ஒரு சமையல் இடமும்தான். ஒரு நாள் சாயங்காலம் தூசு போலக் கொஞ்சம் மணல் குழந்தையின் போர்வையில் விழுந்தது. அன்றைக்கு அந்தப் பெண் முடிவெடுத்தார். முன்னறிவிப்புக் காலம் முடிந்தவுடன், ஆடியோ ஆவணியோ, போய்விடுவது.

எங்கே போவது என்பதுதான் கேள்வி. தெரு முழுக்கக் கேட்டும் எல்லாரும் ஆவணியைக் காட்டினார்கள். கடைசியில் மாதா கோயில் தெருவில் ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அங்கே போனோம். அவருடைய வீட்டில் பின்கட்டு காலியாக இருந்தது. தயங்கித் தயங்கி ஆடி என்று ஆரம்பித்த கணவரை அவர் பேசவே விடவில்லை. “எங்க வூட்ல ஆடியும் கெடையாது ஆவணியும் கெடையாது. வாடக மட்டும்தான் கீது. எப்ப வரீங்க?”

முன்னறிவிப்பு முடிந்த வாரத்தில் வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாள். மீனவர்கள் அன்று கடலுக்குப் போகவில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, அடுப்பில் பெரிய அண்டாக்கள். கணவர் ஷேர் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, முதல் மூட்டையைத் தூக்கி வைத்தார். அவ்வளவுதான், அண்டாவைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

“ஆடியில, அதுவும் கூழு ஊத்துற அன்னிக்கி வூட்ட காலி பண்றியேடி, குடும்பம் வெளங்குமா?” என்று ஒரு அம்மாள் சத்தம் போட்டார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். கணவர் மூட்டையை இறக்கிவிடலாமா என்பதுபோல மனைவியைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் நின்றுபோயிருக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“ஏங்கா, ஆடியிலதான ஆத்தாளே கோயில வுட்டு வெளிய வந்து தெருத்தெருவா சுத்துறா? அவ வரலாம், நான் போவக்கூடாதா? வேணும்னா உள்ள வந்து பாருங்க. வந்து, அதுங்கீழ ஒரு அஞ்சு நிமிசம் குந்துங்க.”

சிலர் உள்ளே போய்ப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை. கண்மை வளையங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, சத்தம் போட்ட அம்மாளே முதலில் வெளியே வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தல் போட்டுக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்து, “இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? வாங்கடா” என்றார்.

அதன்பிறகு நடந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். என்னால் அதிகம் உதவக்கூட முடியவில்லை, அவ்வளவு வேகம். பந்தல்காரர் மீதமிருந்த சவுக்குக் கம்புகளைக் கொண்டுவரச் சொன்னார். “ஆத்தா பந்தல்ல ரெண்டு கம்பு கொறைஞ்சா கோச்சிக்க மாட்டா” என்றார். முதலில் கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். கம்புகளின் தலையில் பலகை வைத்து இறுக்கிய பிறகுதான் மற்றவர்களை உள்ளே விட்டார்கள். படகு இன்ஜினைக் கம்பில் கட்டித் தோளில் தூக்குவார்களே, அதே கட்டுப் போட்டு பீரோவைத் தூக்கினார்கள். வலை இழுக்கும்போது எழுப்பும் அதே சத்தத்தோடு அது தெருவில் போனது. பின்னாலேயே பாத்திரங்கள், மெத்தை, ஃபேன், துளசித் தொட்டி, கை மாறிக் கை மாறிப் போயின. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு; அண்டாவில் கூழ் கொதிக்கிறது; அதன் ஊடே ஒரு குடும்பத்தின் வீடு மொத்தமும் தோளில் ஏறி மாதா கோயில் தெருவுக்குப் போகிறது. எத்தனையோ ஊர்வலங்களைப் பார்த்துச் செய்தி எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நர்சம்மா வீட்டில் இன்னொரு தயக்கம் வந்தது. பால் காய்ச்சாமல் எப்படிப் புது வீட்டில் சமைப்பது? ஆடியில் பாலும் காய்ச்சக்கூடாது. காலையில் சத்தம் போட்ட அதே அம்மாள்தான் ஒரு தூக்கு நிறைய அம்மன் கூழைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். “பால்தான காய்ச்சக் கூடாது? கூழு குடிக்கலாம்ல?” சுவரில் மாதா படம், அதன் கீழே வேப்பிலை செருகிய கூழ்த் தூக்கு. நர்சம்மா ஒரு ஜெபம் சொல்லிவிட்டு முதல் டம்ளரைத் தானே வாங்கிக் குடித்தார். வெங்காயம் போதவில்லை என்றார்.

அதற்கு அடுத்த சில நாட்களில் நல்ல மழை. மழை விட்ட ஒரு நடுப்பகல், நான் என் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சுவர் ஒரு முறை அதிர்ந்தது. என் அலமாரியிலிருந்த தட்டுகள் சரிந்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது போல நினைவு. வெளியே ஓடிவந்து பார்த்தபோது நடு போர்ஷன் ஜன்னலிலிருந்து வெள்ளைப் புழுதி புகைபோல வந்துகொண்டிருந்தது.

புழுதி அடங்கியதும் வாசலில் நின்று பார்த்தேன். கண்மைக் கோடுகள் போட்ட பகுதி முழுவதும் தரையில் கிடந்தது. ஒரு சவுக்குக் கம்பு இரண்டாக ஒடிந்திருந்தது. மேலே, துருப்பிடித்த கம்பிகளின் நடுவில் கொக்கி மட்டும் அப்படியே தொங்கியது. ஜன்னல் பக்கம், தூளியை மாற்றிக் கட்டியிருந்த இடத்திலும் ஒரு பெரிய கான்கிரீட் துண்டு கிடந்தது. நாங்கள் பத்திரம் என்று நினைத்த இடம் அது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே வந்தார். தெருவே கூடியிருந்தது. அந்தப் பெண்ணும் குழந்தையோடு வந்திருந்தார். வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். நெடுநேரம் அந்தக் கொக்கியையே பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஆத்தா காப்பாத்திட்டாம்மா” என்றார். அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் ஒவ்வொரு ஆடியிலும் விரதமிருப்பவர், அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர். வீட்டுக்காரரைக் கோபமில்லாமல் பார்த்தார்.

“ஆத்தா அன்னிக்கி கூழு ஊத்திகினு இருந்தா சார். சாமான தூக்குனது நாங்க.”

ஆவணியில் தம்பதி நோட்டீசின் நகலோடு போய் நின்றபோது வீட்டுக்காரர் முன்பணத்தை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார். தொட்டியை இறக்கி, மூன்று போர்ஷன் கூரையையும் பிரித்துக் கட்டினார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் நான் படூருக்கு வந்துவிட்டேன். இங்கே ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்த பிறகுதான் சாவியை வாங்கினேன். வழக்கறிஞர் சொன்னதில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனாலும் ஆடி பிறந்து எங்காவது ஒலிபெருக்கி கட்டும் சத்தம் கேட்டால், தெருவில் தோள் மேல் மிதந்து போன அந்த பீரோதான் எனக்கு நினைவுக்கு வருகிறது: வெளியே போகும் வழியைச் சட்டம் காட்டியது, அந்த வழியில் முதல் அடியை எடுத்து வைத்தவள் ஒரு பெண், அவளோடு நடந்தது அவளைத் தடுக்க வந்த தெரு.