சுவர்ச்சலாவின் தவறாத வெள்ளிக்கிழமைகள்

அமலாபுரத்தில் சுவர்ச்சலாவைக் கைராசிக்காரி என்பார்கள். பதினொரு வருடமாக எந்தச் சிராவண மாத வெள்ளிப் பூஜைக்கும் அவள் தூரமாகி ஒதுங்கி உட்கார்ந்ததில்லை. தீட்டுப் படாத மடிப்புடவை கட்டிக்கொண்டு, பூரெலு என்ற இனிப்பு உருண்டை சுட்டு, கலசம் வைத்து, தெருப் பெண்களுக்கெல்லாம் தாம்பூலம் கொடுப்பாள். மாமியார் சேஷரத்னத்துக்குப் பெருமை பிடிபடாது.

"என் மருமகளோட நாள அம்மவாரே தள்ளி வெக்கிறா!"

அம்மனாவது, மண்ணாங்கட்டியாவது! தள்ளி வைத்தது மாத்திரை. அதிக உதிரப்போக்குக்கு ஒரு டாக்டரம்மா என்றைக்கோ பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை. அன்று அது நல்லதுதான் செய்தது. அந்தப் பழைய சீட்டைக் காட்டியே பண்டிகைக்குப் பண்டிகை வாங்கி விழுங்கினாள். நடுவில் இரண்டாம் பிரசவத்தின்போது இடது காலில் ரத்தம் கட்டியது. அப்புறமாவது ஒரு டாக்டரைக் கேட்டிருக்கலாம். வெளியே தெரிந்தால் கைராசி போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை, பாவி மகள்.

இந்தச் சிராவணத்தில் அதே கால் வீங்கியது. உள்ளூர் டாக்டர் கேட்டார்.

"ஏதாவது மாத்திர சாப்புடறியாம்மா?"

"என் மருமக தலவலிக்குக்கூட மாத்திர தொட மாட்டா டாக்டர்காரு," என்றாள் சேஷரத்னம்.

சுவர்ச்சலாவும் ஆமென்று தலையாட்டினாள். உடனே காக்கிநாடாவுக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். மூன்றாம் வெள்ளி கழியட்டும் என்றாள் சுவர்ச்சலா. மாத்திரையையும் நிறுத்தவில்லை. அந்த வெள்ளியன்று அடுப்பின் முன்னாலேயே மூச்சுத் திணறி விழுந்தாள்.

காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது. காக்கிநாடா ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் குழாயோடு, அங்கிருந்த டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"மாத்திர கெட்டது இல்லம்மா. ஒருதடவ ரத்தம் கட்டினவங்க அத நம்ம இஷ்டத்துக்கு எடுக்கக்கூடாது. இனிமே தொடாத," என்றார் டாக்டரம்மா.

பக்கத்தில் நின்ற சேஷரத்னம் கதறிவிட்டாள். மருமகளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பூஜயும் வேணாம், பூரெலுவும் வேணாம். நீ பொழச்சு வந்தா போதும்டி தல்லி, என் தாயே!"

பதினொரு வருடத்தில் அவள் அப்படிப் பேசியதே இல்லை. சுவர்ச்சலாவுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஐந்தாறு நாள் அந்தக் கை அவளை விடவில்லை.

வியாழக்கிழமை, மாத்திரை நின்றதால் உதிரம் போகத் தொடங்கியது. புடவையை மாற்ற வந்த நர்ஸ், "நாள் வந்திருச்சும்மா," என்றாள்.

சேஷரத்னம் மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். ஸ்டூலைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பா நெனக்காத தல்லி. நாளைக்குக் கடைசி வெள்ளியில்ல? நானாவது கலசம் வெக்கணுமே," என்றாள்.